இடம் பெயர்ந்தால் சாட்சி இல்லை

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், அனந்தீசுவரர் கோயில் சுவரில் ஒரு கொலை வழக்கின் குற்றவாளிகள் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. கொல்லப்பட்டவன் பாண்டியன் தலைகொண்ட ஆதித்த கரிகாலன். சுந்தர சோழனின் மூத்த மகன், முதலாம் இராசராசனின் அண்ணன். துரோகிகள் என்று கல்வெட்டு குறிப்பிடுவது சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராசன் ஆகியோரை. இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டில், அதாவது 987ஆம் ஆண்டு வாக்கில், வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்குப் போன அரச ஆணை இதில் பதிவாகியிருக்கிறது. கொலையைப் பற்றிச் சொல்வதற்காக யாரும் இதை வெட்டி வைக்கவில்லை. குற்றவாளிகள், அவர்களுடைய உறவினர் ஆகியோரின் உடைமை பறிபோனதும் நிலம் கைமாறியதும்தான் செய்தி. ஒரு நிலப் பத்திரத்தின் நடுவே, போகிற போக்கில், சோழ வரலாற்றின் மிகப் பெரிய கொலை வந்து விழுந்திருக்கிறது.

இந்தச் சில வரிகளை வைத்துக்கொண்டு அறிஞர்கள் பல தலைமுறையாக வழக்காடி வருகிறார்கள். கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி இதைத் திருவாலங்காட்டுச் செப்பேட்டுடன் சேர்த்துப் படித்தார். ஆதித்தன் மறைந்தபின் குடிகள் பின்னாளில் இராசராசனான அருண்மொழியை அரசேற்க வேண்டியதையும், சிற்றப்பன் உத்தம சோழனுக்கு ஆட்சியில் விருப்பம் இருக்கும்வரை தனக்கு வேண்டாம் என்று அவன் ஒதுங்கியதையும் அந்தச் செப்பேடு சொல்கிறது. கொலையால் ஆதாயம் அடைந்தவன் யார் என்று கேட்ட சாஸ்திரியின் ஐயம் உத்தம சோழன் பக்கம் சாய்ந்தது. தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். உத்தமன் கொலைக்கு உடந்தையாக இருந்திருந்தால், இராசராசன் அவனுடைய குடும்பத்தை மதிப்போடு வைத்திருப்பானா என்பது மறுப்பின் சாரம். குடவாயில் பாலசுப்பிரமணியன் கல்வெட்டின் வாசகத்தையே மீண்டும் அலசி, இது கொலையாளிகளுக்குக் கிடைத்த முதல் தண்டனையின் பதிவு ஆகாது என்று வாதிட்டார். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர். அதனால் பாண்டிய நாட்டுப் பழிவாங்கல் என்ற கோணமும் உயிரோடு இருக்கிறது. 1950இல் தொடங்கிய பொன்னியின் செல்வன் தொடரில் கல்கிகூட, கொன்றது இவர்தான் என்று அறுதியிட்டுச் சொல்லாமல் நழுவிவிட்டார்.

இத்தனை வாதமும் நடப்பதற்கு ஒரே காரணம், கல்வெட்டு பொறிக்கப்பட்ட இடத்திலேயே இருப்பது. எந்தச் சபைக்கு எழுதப்பட்ட ஆணை, எந்தக் கோயில், பக்கத்தில் வேறு என்ன கல்வெட்டுகள் என்பதையெல்லாம் அந்தச் சுவர்தான் சொல்கிறது. உத்திரமேரூர் இங்கே கைகொடுக்கிறது. பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளை ஒட்டிப் பொறித்த குடவோலைக் கல்வெட்டுகள், கணக்குக் காட்டாதவரை மட்டுமின்றி அவருடைய நெருங்கிய உறவினரையும் தேர்தலுக்கு ஆகாதவர் என்று விலக்குகின்றன. ஒருவன் செய்த குற்றம் உறவுக்காரரையும் சுடும் என்பது அக்காலச் சபைகளின் பொது வழக்கம் என்று இதனால் தெரிகிறது. ஆகவே உடையார்குடியில் உறவினர் சொத்தும் பறிபோனதை வைத்து, அந்தக் குடும்பமே கூடிச் சதி செய்தது என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டு ஊர்ச் சுவர்கள் ஒன்றுக்கொன்று விளக்கம் சொல்ல முடிவது, இரண்டும் இடம் மாறாமல் நிற்பதால்தான். பழம்பொருளைச் சுற்றி நடக்கும் எந்த மர்மத்திலும் முதலில் கொல்லப்படுவது சாட்சி. அந்தக் கொலையைச் செய்வது பெரும்பாலும் பொருளை இடத்திலிருந்து பெயர்த்தெடுக்கும் கை. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

அகழாய்வுக் களத்தையும் பழம்பொருள் சேகரிப்பாளர்களையும் வைத்துக் கொலைக்கதை எழுதுவது ஆங்கிலத்தில் தனி வகையாகவே வளர்ந்திருக்கிறது. அதற்கு அகதா கிறிஸ்டி முக்கியமான காரணம். 1930இல் அவர் மணந்துகொண்ட மேக்ஸ் மல்லோவன் தொல்லியலாளர். ஈராக், சிரியா அகழாய்வுகளில் கிறிஸ்டியும் கூடவே இருந்து மண்பாண்டங்களைத் துடைத்தார், படம் எடுத்தார், பட்டியல் எழுதினார். 1936இல் வந்த அவருடைய மெசபொத்தேமியா நாவல் ஓர் அகழாய்வு முகாமுக்குள்ளேயே நடக்கிறது. 1944இல் வந்த இன்னொரு நாவலில் பண்டைய எகிப்துக் குடும்பம் ஒன்றில் அடுத்தடுத்துக் கொலைகள் விழுகின்றன. ஹெகனக்த் என்ற நிலக்கிழார் வீட்டுக்கு எழுதிய நாலாயிரம் ஆண்டுப் பழைய கடிதங்கள் அந்தக் கதைக்கு வித்து. பின்னாளில் எலிசபெத் பீட்டர்ஸ் என்ற புனைபெயரில், எகிப்தியலில் முனைவர் பட்டம் பெற்ற பார்பரா மெர்ட்ஸ், 1975 முதல் அமீலியா பீபாடி வரிசையை எழுதினார். துறையை உள்ளிருந்து அறிந்தவர்கள் எழுதியதால்தான் இந்தக் கதைகள் நிற்கின்றன. பொருள் எங்கே, எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற கேள்வி தொல்லியலுக்கும் துப்பறிதலுக்கும் பொதுவானது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கதை மட்டும் அல்ல, நிஜத்திலும் இந்தத் துறையில் ரத்தம் சிந்தியிருக்கிறது. கலை வரலாற்றின் தந்தை என்று ஐரோப்பா கொண்டாடும் வின்கெல்மன், போப்பின் கீழ் ரோமின் தொல்பொருள்களுக்குப் பொறுப்பாளராக இருந்தவர். வியன்னாவிலிருந்து திரும்பும் வழியில் திரியெஸ்டே துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருந்தபோது, பேரரசி மரியா தெரேசா தந்த பதக்கங்களை விடுதியில் அடுத்த அறைக்காரனிடம் காட்டினார். 1768 ஜூன் 8 அன்று அவனே அவரைக் குத்திக் கொன்றான். பாலத்தீனத்தில் லாகீசு நகரை அகழ்ந்த ஜேம்ஸ் ஸ்டார்க்கி, 1938 ஜனவரியில் எருசலேம் அருங்காட்சியகத் திறப்பு விழாவுக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டார். சிரியாவின் பல்மைராவில் வாழ்நாளெல்லாம் பணியாற்றிய முதியவர் காலித் அல் அசாத், 2015 ஆகஸ்டில் ஐ.எஸ். கும்பலின் கையில் உயிர் விட்டார். தொல்பொருள்களை மறைத்து வைத்த இடத்தைச் சொல்ல மறுத்தார் என்பதே அவர்மீது இருந்த ஆத்திரம் என்று அன்றைய செய்திகள் கூறின. முதல் கொலையில் பேராசை, இரண்டாவதில் கலவரக் காலம், மூன்றாவதில் பொருளின் இருப்பிடம் பற்றிய அறிவு. மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் அல் அசாத்தின் மரணம் ஒன்றை உணர்த்துகிறது: பழம்பொருளைவிட, அது எங்கே இருக்கிறது என்பதை அறிந்த மனிதர்தான் திருடனுக்கு இடைஞ்சல்.

இடம் குலையாமல் இருந்தால் எவ்வளவு பழைய கொலையும் பேசும் என்பதற்கு ஆல்ப்ஸ் மலையின் பனிமனிதன் சான்று. 1991இல் இத்தாலி, ஆஸ்திரியா எல்லையில் மலையேறிகள் கண்ட அந்த உடல் சுமார் 5,300 ஆண்டு பழையது. உடை, செப்புக் கோடரி, அம்பறாத்தூணி எல்லாம் அதனோடு கிடந்தன. குளிரில் விறைத்துச் செத்தவன் என்றே பத்து ஆண்டு நினைத்தார்கள். 2001இல் எடுத்த ஊடுகதிர்ப் படத்தில்தான் இடது தோளுக்குள் அம்புமுனை தெரிந்தது. கடைசியாக அவன் தின்றது காட்டாட்டு இறைச்சி, சாவதற்குச் சில நாள் முன்பே கையில் வெட்டு விழுந்திருந்தது என்பது வரை பிறகு கண்டறிந்தார்கள். இதற்கு நேர்மாறான கதை துத்தன்காமனுடையது. 1968இல் எடுத்த ஊடுகதிர்ப் படத்தில் மண்டைக்குள் எலும்புத் துண்டு தெரியவே, இளம் அரசனைத் தலையில் அடித்துக் கொன்றார்கள் என்று புத்தகம் புத்தகமாக வந்தது. 2005இல் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது தலையில் கொலை அடிக்கான தடயமே இல்லை. எலும்பு பெயர்ந்தது இறந்த பிறகு. ஒன்று பதப்படுத்தியவர்கள், இல்லையேல் 1925இல் உடலைப் பெட்டியிலிருந்து பிய்த்தெடுத்த கார்ட்டர் குழுவினர் செய்த சேதம். கவனமில்லாத கை உண்மையை அழிப்பதோடு, நடக்காத கொலையையும் கற்பித்துவிடும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே இந்த வகை மர்மங்களில் காணாமல் போவது பெரும்பாலும் தெய்வத் திருமேனி. கும்பகோணம் பக்கத்துச் சிவபுரத்தில் 1951இல் மண்ணுக்கடியிலிருந்து சோழர் காலச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் இருந்த நடராசரைச் செப்பனிடக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது வேறு நடராசர். அசலைப் போலவே வார்த்த நகலுக்கு ஊரார் பூசை செய்துகொண்டிருக்க, அசல் பம்பாய் வழியாக நியூயார்க் போயிற்று. இந்த மோசடியை முதலில் கண்டவர் காவல்துறையினர் அல்லர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட், தொடக்கச் சோழர் செப்புத் திருமேனிகள் பற்றி 1965இல் எழுதிய நூலில், கோயிலில் இருப்பது நகல் என்று எழுதியபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. 1973இல் கலிஃபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அதை 9 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார். வழக்கு, உடன்படிக்கை எல்லாம் முடிந்து 1986இல் நடராசர் இந்தியா திரும்பினார். அகதா கிறிஸ்டியின் மெசபொத்தேமியா நாவலிலும் அசலை எடுத்துவிட்டு அச்சசலான நகலை வைக்கும் திருடன் ஒருவன் வருகிறான். கதையில் கற்பனையாக வந்தது, இருபது ஆண்டுக்குள் சிவபுரத்தில் நடந்தேவிட்டது.

பத்தூர் நடராசர் வழக்கு இன்னும் சுவையானது. துப்பறியும் கதைக்கு வேண்டிய தடய அறிவியல் முழுவதும் அதில் இருக்கிறது. 1976இல் பத்தூர்க் கோயில் பக்கம் மண் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவர் கையில் திருமேனி அகப்பட்டது. கைமாறிக் கைமாறி இலண்டன் போய், 1982இல் கனடாவின் பம்பர் நிறுவனம் இரண்டரை லட்சம் பவுனுக்கு வாங்கியது. பழுது பார்க்க பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்த இடத்தில் ஸ்காட்லாந்து யார்டு பிடித்தது. இது பத்தூர்ச் சிலைதானா என்பதுதான் வழக்கு. அதே கோயில் வளாகத்தில் பிறகு கிடைத்த மற்றத் திருமேனிகளோடு இதை ஒப்பிட்டார்கள். ஒட்டியிருந்த மண், கறையான் தடம், உலோகம், வார்ப்பு நடை எல்லாம் சாட்சிக் கூண்டில் ஏறின. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் முன்னாள் இயக்குநர் இரா. நாகசாமி நிபுணர் சாட்சியம் அளித்தார். 1988இல் வந்த தீர்ப்பை 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்து, இடிபாடாகக் கிடந்த கோயிலும் உரிமை கோரத் தக்க சட்ட நபர்தான் என்று ஏற்றது. அந்த ஆண்டே நடராசர் திரும்பினார். எந்த மண்ணைத் துடைத்துப் பளபளப்பாக்க வாங்கியவர் விரும்பினாரோ, அந்த மண்ணே அவருக்கு எதிரான சாட்சி ஆயிற்று.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசர் விஷயத்தில் காப்பாற்றியது ஒரு புகைப்படம். 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு இதை வாங்கியது. விற்றவர் நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர். 1972இன் தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே இந்தியாவை விட்டு வந்துவிட்டது என்று காட்டும் போலிக் காகிதங்கள் கூடவே வந்தன. ஆனால் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் ஊர் ஊராகப் போய்க் கோயில் திருமேனிகளைப் படம் எடுத்து வைத்திருந்தது. கோயிலில் இருந்தபடியே எடுத்த படத்தோடு ஒப்பிட்டதும் காகிதங்கள் பொய் என்று வெளியாயிற்று. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் கையோடு கொண்டு வந்து ஒப்படைத்தார். 2011இல் ஜெர்மனியில் கைதாகி, அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்ட கபூருக்கு, சுத்தமல்லி வரதராசப் பெருமாள் கோயில் சிலைகள் தொடர்பான வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பர் 1 அன்று 10 ஆண்டு சிறை விதித்தது. பூட்டிய கோயிலில் காவல் இல்லாதபோது, எப்போதோ எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் காவலுக்கு நின்றிருக்கிறது.

இங்கே ஓர் எதிர்வாதம் உண்டு. அதை எளிதில் தள்ள முடியாது. சேகரிப்பாளர்கள் இல்லையென்றால் பல பொருள்கள் இன்று இருக்கவே இருக்கா என்பார்கள். அமராவதித் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் சுண்ணாம்புக்கு எரிந்துகொண்டிருந்த காலத்தில், காலின் மெக்கன்சி அவற்றை வரைந்து பதிவு செய்தார். அவர் திரட்டிய சுவடிகள் இன்றும் சென்னையில் ஆய்வாளருக்குப் பயன்படுகின்றன. உண்மைதான். ஆனால் மெக்கன்சி செய்ததன் மதிப்பு, எந்த ஊரில் எதைக் கண்டோம் என்று அவருடைய ஆட்கள் எழுதி வைத்ததில் இருக்கிறது. ஊர்ப்பெயரோடு வந்த பொருள் சான்று. ஊர்ப்பெயரை வேண்டுமென்றே அழித்துவிட்டு வந்த பொருள் சரக்கு. கபூர் போன்ற வணிகர்களின் முதல் வேலையே ஊர்ப்பெயரை அழிப்பது. பழைய சேகரிப்பாளர்கள் செய்த நன்மையைக் காட்டி, இன்றைய கள்ளச் சந்தைக்கு வக்காலத்து வாங்க முடியாது. இன்னொரு கேள்வியும் வரும்: உடையார்குடிக் கல்வெட்டு இடத்திலேயே இருந்தும் கொலை துலங்கவில்லையே? துலங்கவில்லைதான். ஆனால் எந்த வாதம் எந்த வரியில் நிற்கிறது, எங்கே இடறுகிறது என்பதை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துச் சொல்லலாம். தவறைத் திருத்த வழி விடுவதே சான்றின் முதல் பயன். தீர்ப்பு அதற்குப் பிறகு.

இரண்டாவது எதிர்வாதம் ஊராரிடமிருந்து வருகிறது. அது காஞ்சிபுரம் மாவட்டத்துச் சாலவாக்கத்துக்குப் பக்கத்திலேயே கேட்டது. 2020 டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேசுவரர் கோயிலைத் திருப்பணிக்காக ஊரார் பிரித்தபோது, கருவறைக்கு முன்னிருந்த படிக்கடியில் அரைக் கிலோவுக்கும் மேற்பட்ட பொன் கிடைத்தது. அதிகாரிகள் கேட்டபோது, சாமி நகை சாமிக்கே, திருப்பணி முடிந்ததும் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவோம் என்று மக்கள் தர மறுத்தார்கள். பிறகு பேச்சுவார்த்தை நடந்து, பொன் அரசுக் கருவூலம் போயிற்று. ஊரார் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. தங்கள் கோயில் பொருள் எங்கோ ஒரு பெட்டகத்துக்குள் போய்விட்டால் மறுபடி கண்ணில் படாது என்ற அச்சம் அனுபவத்தில் பிறந்தது. அரசு அந்த அச்சத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்: எடுத்த பொருளின் பட்டியலை ஊருக்கே தரலாம், படம் எடுத்து ஊராட்சி அலுவலகத்தில் வைக்கலாம், காஞ்சிபுரம் அருங்காட்சியகத்தில் ஊர்ப்பெயரோடு காட்டலாம். ஆனால் ஊராருக்கும் ஒரு பங்கு உண்டு. பொன்னை யார் வைத்துக்கொள்வது என்ற சண்டையில், அது எப்படிக் கிடந்தது, எந்தத் துணியில், எந்தப் பாத்திரத்தில், எந்தக் கல்லுக்கு அடியில் என்று குறித்துக்கொள்ள யாருக்கும் நினைவு வருவதில்லை. பொன்னின் எடை கருவூலத்தில் இருக்கும். அதை யார், எப்போது, எதற்கு அஞ்சிப் புதைத்தார் என்ற கதை அந்தப் படிக்கடியில்தான் இருந்தது.

இதையெல்லாம் கொலைக்கதையாக எழுதினால் வரலாறு கொச்சைப்படும் என்று சிலர் தயங்கலாம். பொன்னியின் செல்வனைப் படித்துவிட்டு, ஆதித்தன் கடம்பூர் மாளிகையில் இறந்ததை வரலாறாகவே நம்புகிறவர்கள் இருப்பதால் அந்தத் தயக்கத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் பொன்னியின் செல்வன் இல்லாமல் உடையார்குடிக் கல்வெட்டைத் தேடிப் போகிறவர்கள் எத்தனை பேர்? கதை கேள்வியை எழுப்பட்டும். கல் பதில் சொல்லட்டும். தமிழில் அரசர் காலத்துக்குள் போய் நடக்கும் சரித்திர நாவல்கள் நிறைய உண்டு. அந்தக் காலத்தைத் தோண்டுகிறவர்களையும் வாங்குகிறவர்களையும் விற்கிறவர்களையும் வைத்து எழுதிய துப்பறியும் நாவல்கள் அரிது. சிவபுரமும் பத்தூரும் ஸ்ரீபுரந்தானும் கருவாகக் காத்திருக்கின்றன.

கதைக்கு வெளியேயும் சாட்சியைக் காக்க வேண்டியிருக்கிறது. சாலவாக்கம் வட்டாரத்தில் கல்குவாரிகள் இயங்குகின்றன, வீட்டுக்கு வானம் தோண்டுகிறார்கள், ஏரியில் தூர் வாருகிறார்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதி பெருங்கற்காலக் கல்வட்டங்களுக்குப் பேர் போனது. 1950 வாக்கில் சானூரில் அப்படிப்பட்ட ஈமச்சின்னங்களை மத்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தது. ஆக மண்வெட்டியில் எதுவும் தட்டுப்படலாம். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. தெரிவித்தவருக்குச் சட்டம் ஒன்றும் இல்லாமல் விடவில்லை: அரசே எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு பழைய சிற்பத்தையோ காசையோ தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். எனவே ஏதாவது தட்டுப்பட்டால் அசைக்காதீர்கள், கழுவாதீர்கள். கிடந்தபடியே கைபேசியில் நாலாபுறமும் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் வழியாகவோ வட்டாட்சியர் வழியாகவோ ஆட்சியருக்குத் தெரிவித்து, எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க் கோயிலில் இருக்கும் திருமேனிகளையும் இந்த வாரமே படம் எடுத்து, தேதியோடு ஊர்ப் பொதுவில் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் சாட்சி சொல்ல அது போதும்.